மூட்டத்துக்குள் ஹொக்கி

'டொக்' என்று முதலில் சத்தம் வரும்; பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் தெரியும், சில நாள் அதுவும் தெரியாது. பெரகலச் சந்திக்கு மேலே எங்கள் தோட்டத்து மைதானத்தில், பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் மட்டையைத் தூக்குவதற்கும் 'மூட்டம்' என்கிற பனி இறங்குவதற்கும் சரியாக இருக்கும். வெள்ளையாக வந்து கோல் கம்பத்தை விழுங்கும், பிறகு வலது பக்கம் நிற்கிற ராணியை விழுங்கும், பிறகு என் கையையே விழுங்கும். நனைந்த புல் வாசமும் கீழே ஆலையில் காயும் தேயிலை வாசமும் மட்டும் மிச்சமிருக்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஸ்டெல்லா மிஸ்ஸின் விசில் கேட்டதும், நாங்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே அவரவர் பேரைக் கத்த வேண்டும். "சுமதி! சுமதி!" என்று நான், "புஷ்பம்! புஷ்பம்!" என்று அவள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்து பந்தைத் தள்ளுவதற்காகத்தான் மிஸ் இந்த வழியைக் கண்டுபிடித்தார் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அதிலும் இப்போது எனக்குச் சந்தேகம்தான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பல்லைக் காட்டிச் சிரித்தபடி வீட்டுக்கு வருகிற யாரைக் கண்டாலும், என்ன வேலையாக வந்திருப்பார் என்று என் மனசு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது என் ஒருத்தியின் குணமல்ல. நான் ஹொக்கி விளையாடப் போனதே விளையாட ஆசைப்பட்டு அல்ல. வேவு பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். "போடி, போயி அவ என்னா கேக்குறா, எங்க பாக்குறா, எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டு வா. வாயத் தொறக்காத, கண்ணத் தொறந்து வச்சுக்க" என்று சொல்லி அனுப்பியது என் அப்பாவின் அக்கா, காளியம்மா அத்தை.

லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள் அத்தை. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, சண்டை போடுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு லெச்சுமி என்று ஒரே மகள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நல்ல சேலை கட்டி, நயமாகப் பேசுகிற ஒரு பொம்பளை தோட்டத்துக்கு வந்து, பிள்ளைகளின் தலையைத் தடவி, உயரத்தைப் பார்த்து, கொழும்பில் இரண்டு மாதம் பழக்கி வெளிநாட்டுக்கு நல்ல வீட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னாள். போட்டோவும் பிறப்புப் பத்திரமும் கேட்டாள். அத்தை ட்ரங்குப் பெட்டியைத் திறந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பத்திரம் திரும்பி வரவேயில்லை. வயதைக் கூட்டி எழுதிய வேறு பத்திரத்தோடு லெச்சுமி குவைத்துக்குப் போனாள். முதலில் ஒரு கேசட் வந்தது. அதில் அவள் எல்லோருடைய பேரையும் சொல்லி நலம் விசாரித்தாள், எங்கள் பசு மாட்டைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பொம்பளையும் அப்புறம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்படிப்பட்ட தோட்டத்துக்குள்தான் ஸ்டெல்லா மிஸ் வந்தார். நீலக் காற்சட்டை, கழுத்தில் விசில், தலையில் தொப்பி, லேசாக இடது காலை இழுத்து நடக்கிற நடை. கல்விக் கந்தோரிலிருந்து விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார். சரி, அனுப்பட்டும், ஆனால் பையன்களை விட்டுவிட்டுப் பொம்பளைப் பிள்ளைகளை மட்டும் ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும்? எங்களை ஓடவிட்டுப் பார்த்தார். கை நீளத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், புஷ்பத்திடம் "நல்ல உயரம்" என்று வேறு சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"அடியாத்தி! ஒசரம் பாத்தாளா? அப்ப அந்தப் பொம்பளையோட ஆளேதான்" என்றாள் புஷ்பத்தின் அம்மா.

"அந்தக் காலப் பாரு, ஒரு மாதிரி இழுக்குறா. எங்கயாவது அடிபட்டு ஓடி வந்தவளா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என்னைத் தள்ளி நிறுத்தி, "நாளைக்கி நீயும் போற" என்றாள்.

போனேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனேன். எங்களுக்கு முதலில் கிடைத்தது கொய்யாக் கம்பில் வளைத்த மட்டை. உண்மையான மட்டைகள் பிறகு பதுளையிலிருந்து ஒரு சாக்கில் வந்தன, எல்லாம் பழசு, கைப்பிடியில் யாரோ சுற்றிய துணி. எங்கள் மைதானம் என்பதோ பேருக்குத்தான் மைதானம். மேல் கோலிலிருந்து ஒரு பந்தை விட்டால் அது தன்பாட்டில் கீழ்க் கோலுக்குப் போய், அதையும் தாண்டித் தேயிலைச் செடிக்குள் புகுந்துவிடும், தேடப் போனவள் காலில் அட்டையோடு திரும்பி வருவாள். குறுக்கிலும் சரிவுதான். வலது பக்கம் நிற்கிற ராணிக்குப் பந்து போக வேண்டுமென்றால் ராணிக்கு நாலு அடி மேலே பார்த்து அடிக்க வேண்டும். அது வளைந்து இறங்கி அவள் மட்டையில் போய்ச் சேரும். நாங்கள் அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகிவிட்டோம். மிஸ் குனிந்து நின்று காட்டுவார்: "முதுக வளைங்க, கண்ணு பந்துல." கொழுந்து எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முதுகை வளைக்கச் சொல்லித் தர வேண்டுமா என்ன என்று எனக்குள் சிரிப்பு வரும். ஆனால் அவர் கையில் மட்டை வந்ததும் அந்த இழுத்த கால் எங்கேயோ மறைந்துபோகும்; பந்து மட்டையோடு ஒட்டவைத்தது போலக் கூடவே போகும். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் சந்தேகம் கூடியது. லெச்சுமிக்கும் அந்தப் பொம்பளையைப் பிடித்துத்தானே இருந்தது?

மூட்டம் இறங்கினால் மைதானத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாமார் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போகும். ஒரு குரல் குறைந்தால் போதும், மலையிலிருந்து, "ஏய், ராணி எங்கடி?" என்று அத்தையின் தொண்டை கிழியும். ராணி எங்கேயாவது மூக்குச் சிந்திக்கொண்டு நிற்பாள். அவள் பேரைச் சொன்ன பிறகுதான் மேலே வேலை நடக்கும்.

நான் வேவு பார்த்ததில் ஒரு விஷயம் சிக்கியது. மிஸ் ஒருநாள் இளைப்பாறும்போது, தான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என்றும், அங்கே கோயில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளியில் படித்து, ஊவா மாகாணத்துக்கு விளையாடி, நடுவில் நின்று ஆட்டத்தைக் கட்டி இழுக்கிற இடத்தில் ஆடி, கடைசியில் நாட்டுக் குழுவுக்கே தெரிவானவர் என்றும் புஷ்பத்திடம் சொன்னார். "எந்த நாட்டுக்குப் போனீங்க மிஸ்?" என்று புஷ்பம் வாயைப் பிளந்தாள். மிஸ் பந்தைத் துடைத்துக்கொண்டே, "போகல" என்றார். "ஏன் மிஸ்?" "எழும்புங்க, ஓட்டம்" என்று விசிலை ஊதிவிட்டார்.

இதை நான் ஒன்றுவிடாமல் அத்தையிடம் ஒப்பித்தேன். அத்தை வெற்றிலையை மென்று துப்பினாள்.

"செலக்ட் ஆனவ ஏன்டி போகல? பொய்யி. போயிருந்தா போனேம்பா. ஏதோ செஞ்சு, அதுல வெரட்டிருக்காங்க. நல்லாக் கேளு, நாட்டுக்கு வெளையாடுனவளுக்கு இந்த மலையில என்னா வேலை?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருப்பது போலவே கேட்டேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. பதுளையில் பாடசாலைகளுக்கிடையே போட்டி, நாம் போகிறோம், அதற்கு எல்லோரும் ஒரு போட்டோவும் பிறப்புப் பத்திரமும் கொண்டுவர வேண்டும் என்றார் மிஸ். போட்டிக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. "இப்பவே கொண்டு வாங்க. இல்லாதவங்க இப்பவே சொல்லுங்க, நான் கச்சேரி ஒப்பீசுக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துத் தாரேன்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது, பிச்சை கேட்கிற மாதிரி ஒரு அவசரம். போட்டோ. பத்திரம். கூட்டிட்டுப் போறேன். லெச்சுமியை விழுங்கிய அதே வார்த்தைகள்!

அந்த ஒரு வாரம் மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை. மிஸ் சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக நின்றார், பிறகு பஸ்ஸுக்கு நடந்தார். நான் மேலே லயத்து மூலையிலிருந்து பார்த்தேன். என் மட்டை வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், தொடாமல் இருக்க என்னால் முடியவில்லை. திருடியோ ஏஜென்டோ, அந்த மனுசி யாராக இருந்தாலும் எனக்கு விளையாட வேண்டும் என்று அழுகையாக வந்தது.

கடைசியில் பீலியடியில் கூட்டம் போட்டார்கள். மிஸ்ஸே இறங்கி வந்து நின்றார். அப்பாமார் ஆளுக்கொன்று பேசினார்கள். மிஸ் கோபப்படவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கோபம் வராத ஆளை எப்படி நம்புவது? அவர் அத்தையைப் பார்த்துத்தான் பேசினார், யார் சொன்னார்களோ, இவள்தான் லெச்சுமியின் அம்மா என்று.

"அக்கா, பத்திரத்த என் கையில குடுக்க வேணாம். நீங்களே கொண்டு வாங்க. நீங்களே வச்சிருங்க. எங்க கூட பதுளைக்கு வாங்க."

அத்தை அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள். "வருவேன். ஒரு புள்ளைய எண்ணிக் காணலன்னா, ஒன்ன அங்கயே வகுந்துருவேன்."

"சரிக்கா" என்றார் மிஸ்.

அந்தக் காலையை எப்படி மறப்பது? அத்தை திருவிழாச் சேலையைக் கட்டி, எங்கள் எல்லோருடைய பத்திரங்களையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மடியில் சொருகி, அதன்மேல் ஒரு கயிற்றையும் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பாசத்தில் அல்ல, தப்பிவிடக் கூடாதே என்று. பண்டாரவளையில் நாங்கள் பஸ் மாறியபோது எங்களைக் கைகோத்து நடக்கவைத்தாள். தேநீர் வாங்கித் தர மிஸ் இறங்கியபோது அவளும் கூடவே இறங்கினாள்.

மைதானத்து வாசலில் மேசை போட்டு ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். வயதைச் சரிபார்க்க வேண்டும், பத்திரங்களைத் தாருங்கள் என்று கையை நீட்டினார். அத்தை மடியிலிருந்து பையை எடுத்தாள், முதல் பத்திரத்தை உருவினாள், அதன் ஒரு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவர் பக்கம் காட்டினாள்.

"பாருங்க. நான் புடிச்சிக்கிறேன்."

"அம்மா, விடுங்கம்மா, எழுதணும்."

"எழுதுங்க. நான் புடிச்சிருக்கது ஒங்க கண்ண மறைக்கலையே?"

பின்னால் நின்ற டவுன் பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஐயாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இப்படியென்றால் உங்கள் குழுவைச் சேர்க்க முடியாது, அடுத்த ஆளுக்கு வழி விடுங்கள் என்றார். அத்தை அசையவில்லை. விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு, திரும்பிப் போகிற பஸ்தான் இனி என்று நினைத்தேன்.

அப்போது மிஸ் குனிந்து அந்த ஐயாவிடம் சொன்னார்: "சேர், அவங்க சரியாத்தான் செய்றாங்க. அவங்க புடிச்சிட்டே இருக்கட்டும், நீங்க வாசிச்சு எழுதுங்க. நேரமானாலும் பரவாயில்ல, எங்க மெட்ச்சக் கடைசியில போடுங்க." பிறகு அத்தை பக்கம் திரும்பினார். "விட்டுறாதீங்க அக்கா. எனக்கு அன்னைக்கிப் புடிச்சிக்க ஒரு காகிதம் இருந்திருந்தா நான் போயிருப்பேன்."

அத்தை முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "எங்க?"

"இந்தியாவுக்கு. நாட்டுக் குழுவோட வெளையாட. தெரிவான பொறகு பாஸ்போட் கேட்டாங்க. எங்கப்பா இந்தியாவுக்குப் போறதுக்கு எழுதிக் குடுத்திருந்தாரு, அங்கயும் இன்னும் எடுக்கல, இங்கயும் பிரஜாவுரிமை குடுத்து எங்கள ஆளுன்னு எழுதல. நீ இந்த நாட்டுக்காரி இல்லைன்னுட்டாங்க. ஒரேயடியா கப்பலேறிப் போறதுன்னா போகலாம், வெளையாடிட்டுத் திரும்பி வர முடியாதுன்னாங்க. நான் போகலக்கா. பொறகு காலு போயிருச்சி. கால் போகாம இருந்தாலும் திரும்பக் கூப்புடல."

அத்தைக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் கூடப் பிறந்த தங்கச்சி குடும்பத்தோடு அப்படிக் கப்பலேறிப் போனவள்தான், போனவள் போனவள்தான். அத்தை கையில் பிடித்திருந்த பத்திரத்தைப் பார்த்தாள்.

"அதான் இப்பவே இப்பவேன்னு பறந்தியா?"

"ஆமாக்கா."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல, கழுத" என்றாள் அத்தை. அவள் அன்பாகப் பேசினால் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நுனியை விடவில்லை. கடைசிப் பத்திரம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டி, ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் போட்டு, பையை மடியில் சொருகி, கயிற்றைக் கட்டிய பிறகுதான் எங்களை உள்ளே போகவிட்டாள்.

விளையாட்டைப் பற்றிச் சொன்னால் வெட்கக்கேடு. அந்த மைதானம் மேசை மாதிரி சமமாக இருந்தது. நாங்கள் வழக்கப்படி ராணிக்கு நாலு அடி மேலே பார்த்து அடித்தோம். பந்து வளைந்து இறங்காமல் நேராகக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. மறுபடி அடித்தோம், மறுபடி வெளியே போனது. பளிச்சென்ற வெயிலில், பத்தடி தூரத்தில் ஒருத்தியை ஒருத்தி நன்றாகப் பார்த்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் எல்லோரும் சொந்தப் பேரைக் கத்திக்கொண்டு ஓடினோம். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கோட்டோரம் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பேருக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த நான் அவளைக் கடந்து ஓடியபோது கேட்டேன்: எங்கள் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு, இன்னொரு விரலை மடக்கி, "லெச்சுமி" என்றாள், மெதுவாக, தனக்குள்ளேயே.

நாங்கள் தோற்றோம். பிறகு வந்த ஆண்டுகளில் ஜெயிக்கவும் செய்தோம், மாகாணம் வரைக்கும் போனோம், அத்தை எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தாள், மேசையில் உட்கார்ந்தவர்கள் அவளைப் பார்த்ததுமே, "வந்துட்டாங்க, நுனி அம்மா" என்று பேனாவை எடுத்துக்கொள்வார்கள். லெச்சுமி வரவில்லை.

இப்போது அந்த மைதானம் இல்லை. மண் சரிகிற பக்கத்து லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு அங்கே வீடு கட்டியிருக்கிறார்கள், கோல் கம்பம் நின்ற இடத்தில் யாரோ பீன்ஸ் நட்டிருக்கிறார்கள். அத்தையும் இல்லை. ஸ்டெல்லா மிஸ் பென்சன் எடுத்து பதுளையில் இருக்கிறார். பிரஜாவுரிமைச் சட்டம் மாறிய பிறகு பாஸ்போட் எடுத்துக்கொண்டார், போன முறை பார்க்கப் போனபோது காட்டினார், எல்லாப் பக்கமும் வெறும் பக்கம். "இனி எங்க போக, சும்மா வச்சிருக்கேன்" என்றார். மூட்டத்துக்குள் பேர் சொல்ல வைத்தது பந்துக்காகவா, மலையில் நின்ற அம்மாக்களுக்காகவா என்று அன்று கேட்டுவிட்டேன். "பந்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். நான் நம்பவில்லை.

போன மாதம் என் மகள் தன் பள்ளிக் குழுவோடு போட்டிக்குப் போனாள். நானும் கூடப் போனேன், வேண்டாம் என்று அவள் கெஞ்சியும் போனேன். வாசலில் மேசை போட்டு ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார், நல்ல பிள்ளை, சிரித்த முகம். பிறப்புப் பத்திரத்துக்குக் கையை நீட்டினார். நான் நீட்டினேன். அவர் இழுத்தார், வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மகள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாருங்க தம்பி, நான் புடிச்சிக்கிறேன்" என்றேன்.

அவள் விளையாடினாள். வெயில் நன்றாக இருந்தது, தரை சமமாக இருந்தது, பந்து அடித்த திசையில் போனது. ஒரு பிள்ளையும் தன் பேரைச் சொல்லவில்லை. ஆட்டம் முடியும்வரை நான் கோட்டோரம் உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டிருந்தேன், எல்லோரையும் எண்ணி முடித்த பிறகு இன்னொரு விரலும் தானாகவே மடங்கியது.